ஐந்து அறை எதற்கு?

தென்காசி
12.3.2025

வேல்விழிக்கு,

இங்கே நலம். நீயும் பிள்ளைகளும் சுடலைமணி மச்சான் வீட்டில் நலம் என்று முத்துராஜ் சொன்னான். போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டை வருகிறது, இனி எதுவானாலும் கடிதம் எழுதிக்கொள்ளுங்கள் என்று சமரச மையத்து அம்மா சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. தென்காசிக்கும் பண்பொழிக்கும் இடையில் தபாலா என்று. இந்த ஆறு மாதத்தில் என் கையெழுத்தாவது திருந்தியிருக்கிறது.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை முத்துராஜ் என்னிடம் வந்திருந்தபோது, "எப்பா, கிளாஸ்ல எல்லாப் பயலும் கடல் பாத்திருக்கான். நான் மட்டுந்தான் பாக்கல" என்றான். ஒன்பது வயதுப் பையன் அப்படிச் சொன்னது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. குற்றாலத்திலும் இப்போது தண்ணீர் இல்லை, ஐந்தருவியில் பாறைதான் தெரிகிறது. அதனால் ஏப்ரலில் அவனையும் செல்வியையும் மூன்று நாள் கடற்கரை ரிசார்ட் ஒன்றுக்குக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். கன்னியாகுமரியில் ஒன்று, கோவளத்தில் ஒன்று, மணப்பாடு பக்கம் ஒன்று என்று மூன்று பார்த்து வைத்திருக்கிறேன். மூன்றுமே பிள்ளைகளோடு தங்கத் தோதானவை. இரவு தங்கலுக்கு உன் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று கோர்ட் உத்தரவில் இருப்பதால் கேட்கிறேன்.

தேவா

பண்பொழி
16.3.2025

முத்துராஜ் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இதை நீங்கள்தான் எழுதினீர்களா என்று இரண்டு தடவை கையெழுத்தைப் பார்த்தேன். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் நீங்கள் என்னைக் கூட்டிப்போன ஒரே வெளியூர் சங்கரன்கோவில். அதுவும் ஆடித்தபசு பந்தோபஸ்துக்கு. சீசனில் ஐந்தருவிக்குப் போனால்கூட, கூட்டத்துக்குப் பயந்து பிள்ளைகளைக் குளிக்க விடாமல் பஜ்ஜிக் கடையிலேயே உட்காரவைப்பீர்கள். அப்படிப்பட்ட ஏட்டையாவுக்குத் திடீரென்று கடல் கேட்கிறது.

சந்தேகப்படுகிறேன் என்பீர்கள். ஆமாம், படுகிறேன். குடும்பத்துக்கு ஏற்றது என்று எல்லா ரிசார்ட்டும்தான் போடுகிறது. ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரத்தை போட்டோ எடுத்துப் போட்டால் முடிந்தது. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. நீச்சல் குளத்தைச் சுற்றி வேலி உண்டா? அந்த வேலிக் கதவின் தாழ் செல்விக்கு எட்டுமா? பால்கனிக் கம்பிக்குள் அவள் தலை நுழையுமா? அவள் தலை எதற்குள் வேண்டுமானாலும் நுழையும், உங்களுக்கே தெரியும். கடலில் அலை இழுக்குமா, காவலுக்கு ஆள் நிற்பாரா? காரமில்லாத சாப்பாடு கிடைக்குமா? ஆஸ்பத்திரி எத்தனை தூரம்? உங்களோடு வேறு யார் யார் வருகிறார்கள்?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் எழுதவும்.

வேல்விழி

தென்காசி
22.3.2025

வேல்விழிக்கு,

நீ கேட்ட கேள்விகளை நான் ஸ்டேஷனில்கூட யாரையும் கேட்டதில்லை. எல்லாவற்றையும் விசாரித்துவிட்டேன். கன்னியாகுமரியில் கூட்டம் அதிகம், வேண்டாம். கோவளத்தில் அலை முரட்டு அலையாம், அதுவும் வேண்டாம். மணப்பாடு பக்கத்து ரிசார்ட்தான் சரி. குளத்துக்கு என் நெஞ்சு உயரம் வேலி இருக்கிறது, தாழ் மேலே. அறைகள் எல்லாம் தரைத்தளம், பால்கனியே கிடையாது. செல்வியின் தலை தப்பித்தது. பிள்ளைகளுக்கு இட்லி, தயிர்சாதம் எப்போது கேட்டாலும் கொடுப்பார்களாம். ஆஸ்பத்திரி பத்து நிமிடம்.

ஏப்ரல் 11, 12, 13 என்று சொல்லி வைத்திருக்கிறேன். முத்துராஜ் கடலில் இறங்கட்டும், காவலுக்கு ஆள் உண்டு. செல்வியைத் தண்ணீரில் இறக்குவதாக இல்லை, நீ பயப்படாதே. அவளுடைய துணியோடு அந்த மாம்பழ நிறப் பட்டுப்பாவாடையையும் வைத்துவிடு. வெயிலுக்கு அவள் முடியை ஒட்ட வெட்டப்போகிறாய் என்று முத்துராஜ் சொன்னான். இப்போதைக்கு வெட்ட வேண்டாம்.

கூட யார் வரப்போகிறார்கள்? அம்மா வந்தாலும் வரலாம்.

தேவா

பண்பொழி
27.3.2025

முத்துராஜ் அப்பாவுக்கு,

போலீஸ்காரருக்கு நான் துப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முத்துராஜுக்குப் பரீட்சை நடக்கும் நேரத்தில் இது என்ன அவசரம் என்று காலண்டரைப் புரட்டினேன். ஏப்ரல் 11 பங்குனி உத்திரம். உங்கள் குடும்பத்துச் சாஸ்தா கோவில் அந்த ரிசார்ட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். கடலுக்கு யாராவது பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு போவார்களா? காது குத்தப்போகிற பிள்ளையைத்தான் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். மொட்டை போடப்போகிற பிள்ளைக்குத்தான் முடி வெட்ட வேண்டாம் என்பார்கள்.

அதோடு விடவில்லை. குளத்து வேலியைப் பற்றிக் கேட்கிற மாதிரி ரிசார்ட்டுக்கே போன் போட்டேன். "தேவா சார் பார்ட்டியா மேடம்? அஞ்சு ரூம் போட்டிருக்காங்களே, பங்ஷன்னு சொன்னாங்க" என்றது ஒரு பெண். ஒரு அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் தங்க ஐந்து அறை எதற்கு?

முத்துராஜுக்குக் காது குத்தியபோது நடந்தது மறக்கவில்லை. தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்தால் பந்தல் வாசலில் எதிர்கொண்டு அழைக்க வேண்டும். என் அண்ணன் அரை மணி நேரம் வெயிலில் நின்றான். தட்டு குறைவு என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், சரி. நீங்கள் வந்து "வாங்க மச்சான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். என் பிள்ளைக்கு உங்கள் சொந்தக்காரர் யார் மடியிலோ காது குத்தினீர்கள். நாம் பிரிந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு என்று கோர்ட்டில் எழுதியிருக்கிறது. எனக்கு அது அந்தப் பந்தலில்தான் ஆரம்பித்தது.

செல்விக்கு ஐந்து வயது நடக்கிறது. அவள் காது என் அண்ணன் மடியில்தான் குத்தப்படும். சம்மதம் கிடையாது.

வேல்விழி

தென்காசி
4.4.2025

விழிக்கு,

நீ எழுதியது எல்லாம் சரி. காது குத்தத்தான். ஐந்து அறைதான். ஆனால் அந்த ஐந்தும் யாருக்கு என்று நீ அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்க வேண்டும்.

எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று. அம்மாவுக்கு ஒன்று. சுடலைமணி மச்சான் குடும்பத்துக்கு இரண்டு. உனக்கு ஒன்று, கடைசி அறை, கடல் பக்கம்.

முதலிலேயே சொன்னால் நீயும் மாட்டேன் என்பாய், அம்மாவும் மாட்டேன் என்பாள். எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தது என் முட்டாள்தனம். உன் கடிதம் வந்த பிறகு அம்மாவிடம் பேசிவிட்டேன். "அவன் மடியிலயா? ஏன்ல, எங்க அண்ணன் மவன் மடிக்கு என்ன கொறச்சல்?" என்று கத்தினாள். "மாமன் மடின்னா மாமன் மடிதான்ம்மா. பிடிக்கலன்னா நீ வராண்டாம்" என்றேன். நாலு நாள் என்னோடு பேசவில்லை. நேற்றுதான், ரிசார்ட்டில் வெந்நீர் வருமா என்று கேட்டாள்.

அன்றைக்கு மச்சான் வெளியே நின்றதை நான் பார்த்தேன், விழி. பார்க்காதது போல போட்டோகிராபரிடம் பேசிக்கொண்டிருந்தேன். இதைச் சமரச மையத்தில்கூட நான் சொன்னதில்லை. வெட்கமாக இருக்கிறது.

தபாலில் அழைப்பது மரியாதையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெற்றிலை பாக்குத் தட்டோடு மச்சான் வீட்டுக்கு நானே வருகிறேன். நீ அவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம். என் வாயால் கேட்கட்டும். அவர் என்னை வாசலில் நிறுத்தினால் நின்றுகொள்கிறேன்.

தேவா

தென்காசி
6.4.2025

வேல்விழிக்கு,

வந்தேன். வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு மாஜிதா அக்காதான் சொன்னார்கள். "எல்லாரும் திருமலைக் கோயிலுக்குப் போயிருக்காவ. சின்னவளுக்குக் காது குத்துல்லா? உங்களுக்குத் தெரியாதா?"

தட்டை அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எழுதிய கடிதம் சனிக்கிழமையே உனக்குக் கிடைத்திருக்கும். படித்துவிட்டு, நான் வருவது தெரிந்தே பூட்டிக்கொண்டு போயிருக்கிறாய். பெற்ற அப்பன் இல்லாமல் என் மகளுக்குக் காது குத்தியாயிற்று. நான் செய்வேன் என்று நீ பயந்ததை நீயே செய்துவிட்டாய். ரிசார்ட்டுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கை வரவில்லை. செவ்வாய்க்கிழமை சொல்லிவிடுவேன். இனி நான் எழுத மாட்டேன்.

தேவா

பண்பொழி
8.4.2025

அத்தானுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் என் முன்னால் இருக்கின்றன. முதல் கடிதத்தின் உறையை இதோடு வைத்திருக்கிறேன். பண்பொழித் தபாலாபீஸ் முத்திரையைப் பாருங்கள். ஏழாம் தேதி, திங்கட்கிழமை. நாங்கள் மலையிலிருந்து இறங்கி ஒரு நாள் கழித்துத்தான் தபால்காரர் கொண்டுவந்தார். தெரிந்து பூட்டவில்லை. என்னைப் போலவே நீங்களும் துப்பறியக் கற்றுக்கொண்டீர்கள், என்னைப் போலவே தப்பாக.

ஆனால் முத்திரையைக் காட்டி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. உத்திரத்துக்கு முன்னால் குத்திவிட்டால் யாரும் என்னிடமிருந்து அதைப் பறிக்க முடியாது என்று பயந்து ஓடினேன். உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. அது தப்பு. ஆசாரி ஊசியை எடுத்ததும் செல்வி, "அப்பா வரட்டும், அப்பா வந்தாத்தான் குத்தணும்" என்று அண்ணன் மடியில் துள்ளினாள். நான்தான் கையைப் பிடித்துக்கொண்டேன். அதை நினைத்து இரண்டு நாளாக அழுகிறேன்.

கீழே வந்ததும் மாஜிதா அக்கா தட்டைக் கொடுத்தார்கள். அண்ணன் அதை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தான். "ஏட்டி, அவரு எவ்வளவு தூரம் எறங்கி வந்திருக்காரு. நான் இருந்திருந்தா வாசல்ல நிறுத்தியிருப்பனா?" என்றான். பிறகு சாப்பிடவில்லை.

காது ஆறும்வரை செல்வி தண்ணீரில் இறங்கக் கூடாது என்று ஆசாரி சொல்லிவிட்டார். அதனால் கரையில் என்னோடு உட்கார்ந்து மணல் அள்ளுவாள். முடியை நான் வெட்டவில்லை, அது உங்கள் சாஸ்தாவுக்கு. மொட்டைக்கும் மாமன் மடிதான், மறக்க வேண்டாம். 11, 12, 13 மூன்று நாளும் பிள்ளைகளை அழைத்துப்போக எனக்குச் சம்மதம். இதையே எழுத்துச் சம்மதமாக வைத்துக்கொள்ளவும். ஐந்து அறையில் ஒன்றையும் விட வேண்டாம். அத்தையின் அறையும் என் அறையும் அடுத்தடுத்து இருக்கிறதா என்று மட்டும் விசாரிக்கவும்.

தபாலை நம்பி ஒரு தடவை கெட்டது போதும். செவ்வாய் என்று எழுதியிருந்தீர்கள், இன்றைக்குச் செவ்வாய். அதனால் இதை அண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவன் உங்கள் வீட்டுக்கு உள்ளே வரமாட்டேன், வாசலில் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் பஸ் ஏறினான். நீங்கள் இதைப் படிக்கும்போது வெயிலில் நின்றுகொண்டிருப்பான்.

மற்றதை அப்புறம் படிக்கலாம். முதலில் போய் "வாங்க மச்சான்" என்று கூப்பிடுங்கள்.

உங்கள்
விழி