முன்நெற்றியில் நட்ட முடி

கோவில்பட்டி
அக்டோபர் 14

அன்பு மகள் ஆஸ்லினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நானும் அப்பாவும் சுகம், நீயும் மருமகனும் பிள்ளையும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மக்காச்சோளத்தில் பன்றி இறங்கி ஒரு மூலையே போய்விட்டது, நாள் முழுக்க அதே பேச்சு. வீடியோ போனில் சொல்ல மூன்று தடவை பார்த்தேன், உன் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

டிசம்பரில் வரும்போது எனக்கு முடி நடுகிற ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னாயே, அதை நான் போன வருஷமே செய்துகொண்டேன். உன்னிடம் மறைத்துவிட்டேன். ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலில் முக்காடு போட்டால் தெரியாது, கல்யாண வீட்டில்தான் கஷ்டம். பக்கத்து வீட்டு சந்தனமாரி, "என்னக்கா, நெத்தி ஏறிக்கிட்டே போவுது" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள். அப்பா எங்கேயோ விசாரித்து ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனார். பத்து நிமிஷம் பார்த்தார்கள், "பின்னாடி இருந்து எடுத்து முன்னாடி வச்சுருவோம், சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாம்" என்றார்கள். தோலை எடுத்துச் சோதிக்கவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு ஒவ்வொன்றாக நட்டார்கள். ஐந்தாம் மாதம் முளைத்தது, வகிடு எடுத்துச் சீவினேன். ஒன்பதாம் மாதம் எல்லாம் கொட்டி, நெற்றி முன்பைவிட மேலே ஏறியது. தலையணையில் கிடந்ததைக் கூட்டி அள்ளிப் போட்டுவிட்டு உலை வைத்தேன். அழுகை வரவில்லை, இப்போதும் வரவில்லை.

போன வாரம் மதுரையில் தோல் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் அரிசி அளவு தோல் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். இது சும்மா உதிர்வது இல்லையாம், உடம்பே முடியின் வேரை அழித்து அந்த இடத்தைத் தழும்பாக்கிவிடுகிறதாம். நோய் இரண்டு வருஷமாவது அடங்கிக் கிடந்தால்தான் மறுபடி நடுவதை யோசிக்கலாம், அதுவும் முதலில் கொஞ்சம் நட்டுப் பார்த்துத்தான், அப்படியும் கொட்டலாம் என்றார். தழும்பை வெட்டித் தைப்பது சின்ன இடத்துக்குத்தானாம். தோலுக்கு அடியில் பலூன் வைத்து விரித்து இழுப்பதும் இருக்கிறது, அது தீக்காயத் தழும்பு மாதிரி நோய் இல்லாத இடத்துக்கு, எனக்கு வேண்டாம் என்றார். "போனது போனதுதாம்மா, இருக்கிறத மருந்தால காப்பாத்துவோம்" என்றார். வேறு யாரோ தலையைப் பற்றிப் பேசுவது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே டீக்கடையில் அப்பா, "நான்தானட்டி உன்ன அங்கன கூட்டிட்டுப் போனேன்" என்று அழுதார். டீ ஆறுகிறது, குடிங்க என்றேன். ஆகையால் எந்த ஏற்பாடும் வேண்டாம், நீ வந்தால் போதும்.

இதையெல்லாம் சொல்லாமலே இருந்திருப்பேன். கிளம்பும்போது டாக்டரம்மா, "பொண்ணு இருக்காளா?" என்று கேட்டார். எல்லாருக்கும் வராது, சில குடும்பத்தில் அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்றார். உன் படத்தைக் காட்டினேன், பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "போட்டோவ வச்சுச் சொல்ல முடியாது, நேர்ல காட்டச் சொல்லுங்க, ஆரம்பத்துலயே பிடிச்சா நிறுத்தலாம்" என்றார். எனக்கு முதலில் போனது புருவம்தான், நெற்றி அதற்கப்புறம். ஆஸ்லின், நீ புருவத்துக்கு மை தீட்ட ஆரம்பித்து எத்தனை மாதம் ஆகிறது? பயப்படாதே, தள்ளியும் போடாதே. இந்த வாரமே தோல் டாக்டரிடம் போ, போய்வந்த அன்றே போன் பண்ணு.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் தலைமுதல் கால்வரை காப்பாராக.

உன் அம்மா
தே. அருள்மணி