ஒரு ஆளுக்கு ஒரு டிக்கெட்

தீபாவளிச் சரக்கின் முதல் பெட்டியை இன்று காலை கடையில் பிரித்தேன், அக்கா. மூடியைத் திறந்ததும் புது வளையலோடு வரும் அந்த அட்டைப் பசை வாசனை குப்பென்று அடித்தது. நீங்கள் இருந்திருந்தால் முகத்தைப் பெட்டிக்குள் விட்டு மோந்து பார்த்துவிட்டு, "புது மாடலுக்கு வாசனையே தனிடி" என்றிருப்பீர்கள். இந்தப் பெட்டியைச் சென்னைக்குத் தனியாகப் போய் எடுத்து வந்தவள் நான். பஸ்ஸில் டிக்கெட் வாங்கக்கூட உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பேனே, அதே நான்தான். இதை உங்களிடம் பீற்றிக்கொள்ளாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

அண்ணனுக்கு நீங்கள், தம்பிக்கு நான் என்று ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். செஞ்சிக் கடைத்தெருவில் நம் வளையல் கடை பேருக்கு ஆண்களுடையது. சென்னைக்குப் போய்ச் சரக்கு எடுப்பது நம் இருவர் வேலை. "வளையல் போடாதவனுக்கு வளையலைப் பத்தி இன்னா தெரியும்?" என்று கேட்டு அந்த வேலையை அவர்களிடமிருந்து பிடுங்கியதே நீங்கள்தான். வருஷத்துக்கு நாலு தடவை கிளம்புவோம். நீங்கள் முன்னால், நான் பின்னால். காசு உங்களிடம், சாப்பாட்டுத் தூக்கு என்னிடம்.

அந்த மெட்ரோ ரயில் கார்டை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. விமான நிலைய ஸ்டேஷனில் கவுன்ட்டர் பையன் "எத்தனை கார்டும்மா?" என்று கேட்டான். "ஒண்ணு போதும். நாங்க ஒரே குடும்பம், ஒரே அடுப்பு" என்றீர்கள், ரேஷன் கடையில் சொல்வது மாதிரியே. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் நீங்கள் கார்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு நடந்துவிட்டீர்கள். கார்டை வைத்ததும் கதவு திறந்தது, ராணி மாதிரி உள்ளே போனீர்கள். பிறகு கதவுக்கு மேலாகக் கையை நீட்டிக் கார்டை என்னிடம் கொடுத்தீர்கள். நான் வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. திருப்பி வைத்தேன், புடவையில் துடைத்து வைத்தேன். கதவு அசையவில்லை.

"ஒரு கார்டுல ஒரு ஆளுதாம்மா போக முடியும்" என்றார் காவலுக்கு நின்றவர்.

"அவ என் ஓரகத்திப்பா! ரேஷன் கார்டுல அவ பேரும் இருக்குது!"

பின்னால் நின்ற வரிசையே சிரித்தது. எனக்குத் தனியாக ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தபோது நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ரயில் கிளம்பிய பிறகு, "இனிமே இந்தக் கதவு வெச்ச வண்டியே வேணாம்" என்றீர்கள். சொன்னால் சொன்னதுதான். அடுத்த தடவையிலிருந்து முகப்பில் ரோஸ் கலர் அடித்த பஸ்தான். பொம்பளைகளுக்குக் காசில்லை, கதவில்லை, கேள்வியில்லை. ஆனால் நேரம்? வெயிலில் நின்று, பஸ் மாறி, நெரிசலில் நகர்ந்து பாரிமுனைக்குப் போய்ச் சேரும்போது மொத்தக் கடையில் புது மாடலெல்லாம் போயிருக்கும். பகல் பன்னிரண்டுக்குள் போனவர்களுக்குத்தான் அங்கே புதுசு. பழைய மாடலைக் கட்டிக்கொண்டு இரண்டு பண்டிகைக்கு ஊர் திரும்பினோம். எதிர்க்கடையில் கூட்டம், நம் கடையில் ஈ. உங்களுக்கு உடம்பு முடியாமல் போனதும் அந்தச் சமயத்தில்தான், அதனால் யாரும் உங்களை ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் போன மறுமாதம் உங்கள் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். "இனிமே சரக்கு வேன்ல வூட்டாண்ட வரும். நீ மெட்ராசுக்கெல்லாம் அலைய வேணாம், கல்லாவுல உக்காரு" என்றார். வேன்காரர் கொண்டுவருவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: எல்லா ஊருக்கும் ஒரே வளையல், எங்கும் விற்காமல் மிஞ்சியது. என் வீட்டுக்காரர் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவர், விட்டத்தைப் பார்த்தார். எனக்கு அழுகையா கோபமா என்று தெரியவில்லை. நாம் இருபது வருஷம் பிடித்து வைத்திருந்த ஒரே உரிமை அது. "ஒரு தபா தனியா போய்ட்டு வரேன், மாமா. புது மாடல் இல்லாம வந்தா நீங்க சொல்றபடி கேக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். என் வாயா அது என்று எனக்கே ஆச்சரியம்.

விடியற்காலையில் நீங்கள் செய்கிற மாதிரியே சரக்குப் பணத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினேன். மஞ்சள் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். அந்த முடிச்சு சரக்கைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவிழ வேண்டும். வழியில் தாகத்துக்குக்கூட அதில் கைவைக்க விடமாட்டீர்கள். "வழில அவுத்தா வழிலயே போயிடும்" என்பீர்கள். வழிச்செலவுக்கு மகள் என் போனில் பணம் போட்டு, எப்படிக் கொடுப்பது என்று நாலு நாள் பாடம் நடத்தியிருந்தாள். சில்லறைப் பர்ஸில் இருந்தது செஞ்சி பஸ்ஸுக்கும் ஒரு டீக்கும் சரியாகப் போனது.

கிளாம்பாக்கம் பஸ் நிலையத்திலிருந்து விமான நிலையம் வரை உங்கள் ரோஸ் பஸ். அங்கிருந்து மெட்ரோ. இப்படிக் கலந்து போனால் காசும் மிச்சம், நேரமும் மிச்சம் என்று ராத்திரியே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கவுன்ட்டரில் போனை நீட்டினேன். ரகசிய எண் கேட்டது. நாலு நாள் தூக்கத்தில்கூடச் சொன்ன எண், பின்னால் வரிசை நெருக்கியதில் தப்பாகப் போனது. மறுபடி போட்டேன், தப்பு. மூன்றாவது தடவையும் தப்பு. இனி நாளைக்குத்தான் என்று போன் கதவைச் சாத்திக்கொண்டது. மகளைக் கூப்பிட்டேன், கல்லூரியில் இருந்தாள், எடுக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டிருந்தால் வேன்காரருக்கு அன்றைக்கே ஆர்டர் போயிருக்கும்.

மணி பத்தரை. கீழே இறங்கினால் காசில்லாத பஸ் நிற்கிறது. ஏறினால் போய்ச் சேரலாம், பன்னிரண்டு தாண்டித்தான். இங்கே ரயில் நிற்கிறது, மடியில் பணமும் இருக்கிறது. நடுவில் உங்கள் முடிச்சு. ஒரு தூணோரம் நின்று உங்களோடு மனசுக்குள் சண்டை போட்டேன், அக்கா. உயிரோடு இருக்கும்போது ஒரு நாளும் போடாத சண்டை. சரக்கைக் காப்பாற்றத்தானே இந்த முடிச்சு? முடிச்சைக் காப்பாற்றிச் சரக்கை விட்டால் சாமி என்ன சொல்லும்? காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டு பண்டிகையை விட்டோமே, அது எந்தக் கணக்கில் மிச்சம்?

பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தேன். கவுன்ட்டருக்குப் போய், "மண்ணடிக்கு ஒரு டிக்கெட்" என்றேன், பாரிமுனைக்கு அதுதான் பக்கத்து ஸ்டேஷன்.

"ஒரு ஆளாம்மா?"

"ஒரு ஆளுதான்பா."

அதைச் சொன்னதும் அழுகை வந்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே அழுதேன். ஆனால் அழுதுகொண்டே டிக்கெட்டைக் கதவில் காட்டினேன், முதல் தடவையிலேயே திறந்தது.

மொத்தக் கடைக்காரர் அப்போதுதான் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். "பெரியம்மா வரலியா?" என்று கேட்டார். சொன்னேன். ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த ஒரு நிமிஷத்துக்கு மேல் நான் அவரை விடவில்லை, விலையை அடித்துப் பேசினேன். பச்சையில் பொன்பொடி தூவிய வளையல், மாம்பிஞ்சு வடிவம் வெட்டிய வளையல், குழந்தைகளுக்கு மணி கோத்தது என்று எல்லாவற்றிலும் முதல் பெட்டி நமக்கு. பெரிய கட்டுகளை லாரியில் போட்டுவிட்டு, ஒரு பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இன்று கடை திறந்த ஒரு மணி நேரத்தில் வல்லத்திலிருந்து வந்த நாலு பெண்கள் பச்சை வளையலில் பாதியைக் காலி செய்துவிட்டார்கள். தொண்டூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் மீதியை எடுத்து வைக்கச் சொல்லிப் போனார்கள். எதிர்க்கடைக்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். உங்கள் வீட்டுக்காரர் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் ஓய்ந்ததும் நானே போய்ச் சொன்னேன்.

"மாமா, மஞ்சப்பைய வழிலயே அவுத்துட்டேன். டிக்கெட்டுக்கு. அக்கா இருந்தா திட்டியிருப்பாங்க."

அவர், நீங்கள் போனதற்கப்புறம் முதல் தடவையாகச் சிரித்தார். "திட்டியிருப்பா. திட்டிக்கினே உனக்கு முன்னாடி ரயில்ல ஏறி சீட்டு புடிச்சிருப்பா" என்றார். சிரித்த கையோடு வேன்காரரைப் போனில் கூப்பிட்டு, இனி வரவேண்டாம் என்று சொன்னார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

பொங்கல் சரக்குக்கும் நான்தான் போகிறேன், அக்கா. உங்கள் குரல் என் காதை விட்டு இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம். திட்டுவதானால் தாராளமாகத் திட்டுங்கள், கேட்டுக்கொண்டே ரயில் ஏறிவிடுவேன்.