பட்டாணி அளவு கட்டி

எழுமலை
10.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வாணி எழுதுவது. நானும் அவரும் நலம். நீயும் மதினியும் பாண்டியும் வெயிலில் அலைந்த களைப்பு தீர்ந்து நலமாக இருப்பீர்கள்.

தை மாதம் செவ்வந்தி போனதிலிருந்து உன் எண்ணை என் போனில் அடைத்து வைத்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் காகிதம்.

அழகர்கோவிலுக்கு வர எனக்கு விருப்பமில்லை. தொண்டை அடைப்பான் நோய்க்கு மகளைப் பறிகொடுத்துவிட்டு, வருஷம் திரும்பும் முன்னே அண்ணன் மகன் மொட்டைக்குப் போய் நிற்க எவளுக்கு மனம் வரும்? அத்தை முறை செய்ய ஆள் வேண்டும் என்று மதினி கெஞ்சினார்கள். வந்தேன்.

மொட்டை அடித்ததும் பாண்டியைக் குளிப்பாட்டியது நான்தான். உடம்பில் ஒட்டியிருந்த முடியை வழித்துவிடும்போது, இடது தொடையில் தோலுக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஏதோ விரலில் தட்டியது. அழுத்தினேன். சிவப்பு இல்லை, சூடு இல்லை. அவன் அழவும் இல்லை, என் மூக்கைப் பிடித்துச் சிரித்தான்.

அது என்ன, அண்ணே? மதினியிடம் நான் கேட்கவில்லை. உன்னிடம் கேட்கிறேன்.

தங்கை,
தமிழ்வாணி


காளவாசல், மதுரை
17.6.2025

பாசமுள்ள தங்கை வாணிக்கு,

அண்ணன் சிவராமின் ஆசிகள். உன் கையெழுத்தைப் பார்த்ததுமே கண் கலங்கிவிட்டது. அன்று கோவிலில் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டாய். கூடப் பிறந்தவனுக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று நினைத்தாயா?

பாண்டிக்கு இருப்பது கொசுக்கடிம்மா. வேப்பெண்ணெய் தடவுகிறோம். துக்கத்தில் இருக்கிறவர்களுக்குச் சின்னதும் பெரிதாகத் தெரியும். செவ்வந்திக்கு நேர்ந்தது விதி. அதற்கு ஊசி போடாததைக் காரணமாக்காதே. ஊசி வேண்டாம் என்று நான் பேசும் சேனலைப் பார்க்கிற தாய்மார்கள் எத்தனை பேர் என்னை வாழ்த்துகிறார்கள் தெரியுமா?

நம் எதிர்ப்பு சக்திப் பொடி இரண்டு பாக்கெட் அனுப்பியிருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் வெறும் வயிற்றில் குடியுங்கள். மனமும் தெளியும்.

என்றும் உன் அண்ணன்,
சிவராம்


எழுமலை
23.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பொடி வந்து சேர்ந்தது. ஒரு பாக்கெட்டை எருக்குழியில் கொட்டினேன். மற்றதை உடைக்காமல் வைத்திருக்கிறேன். அதன்மேல் ‘பரம்பரை மூலிகைகள்’ என்று மட்டும் போட்டிருக்கிறாய். என்னென்ன மூலிகை, எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை.

கட்டியைப் பற்றி இங்கே சுகாதார நிலையத்து நர்சிடம் கேட்டேன். தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடுகிற பென்டா ஊசி, அது போட்ட இடத்தில் சில குழந்தைகளுக்கு அப்படி வருமாம். மருந்தை உடம்பு நன்றாகக் கவனிக்கட்டும் என்று கொஞ்சம் அலுமினிய உப்பு சேர்க்கிறார்கள். அதனால் வருவது. கெடுதல் இல்லை, நாளாவட்டத்தில் தானே கரைந்துவிடும் என்றார்.

ஊசிப் பெட்டிக்குள் இருக்கும் தாளையும் வாங்கி வந்தேன். அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறவளுக்குச் சின்ன எழுத்து புதிதல்ல. அந்த உப்பின் பெயரும், ஒரு தடவைக்கு எவ்வளவு என்பதும் அதில் அச்சாகியிருக்கிறது. அளவுக்கு வரம்பும் உண்டு. ‘உரிமமே இல்லாத ரசாயனத்தைக் குழந்தைக்கு ஏற்றுகிறார்கள்’ என்று நீ வீடியோவில் சொன்னாயே, அதையும் தேடிப் படித்தேன். அந்த உப்புக்குத் தனியாக உரிமம் தருவதில்லைதான். ஏனென்றால் அது சேர்ந்த ஊசியை முழுசாகச் சோதித்துத்தான் அனுமதிக்கிறார்கள். உப்பை மாற்றினால் மறுபடியும் சோதனை. நீ முதல் பாதியை மட்டும் சொன்னாய். இரண்டாம் பாதி தெரியாமல் நான் ஊசி போடாமல் விட்டேன், என் மகள் செத்தாள்.

தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது, எந்தத் தாயின் கையிலும் அதைக் கொடுப்பதில்லை. அந்தக் குறை உண்மை. அந்த இடைவெளியில்தான் நீ கடை போட்டாய்.

எங்கள் தெருவில் ராமக்காளும் சோணைமுத்துவின் மனைவியும் உன் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகளுக்கு ஊசியை நிறுத்தியிருக்கிறார்கள். பாண்டியைத் தூக்கிக்கொண்டு வா. அவனை மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் அந்தக் கட்டியைத் தொட்டுப் பார்க்கும்வரை உட்கார்ந்திரு. செவ்வந்திக்குக் காது குத்தும்போது தாய்மாமன் என்று அவளை மடியில் வைத்திருந்தாயே, அதே மாதிரி.

தங்கை,
தமிழ்வாணி


காளவாசல்
5.7.2025

வாணிம்மா,

உன்னிடம் மறைக்க முடியாது. ஊசி போட்டது உண்மை. எனக்குத் தெரியாமல் என் மாமியார் கூட்டிப்போய்ப் போட்டுவிட்டார். தெரிந்தபோது நான் எப்படிக் கொதித்தேன் என்று உன் மதினியைக் கேள்.

இதை வெளியே சொன்னால் கடையை மூட வேண்டியதுதான். பாண்டியின் எதிர்காலத்தை நினைத்துப் பார். எழுமலைக்கு வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆடி பிறக்கப்போகிறது. ஆடி கழியட்டும், ஆவணியில் பேசிக்கொள்ளலாம். அதுவரை நம் குடும்ப விஷயம் நமக்குள்ளேயே இருக்கட்டும்.

அண்ணன்,
சிவராம்


எழுமலை
17.7.2025

சிவராமுக்கு,

ஆவணிக்குள் கட்டி கரைந்துவிடும் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூட்டத்தில் பேசத் திண்டுக்கல் போயிருந்தாய். நான் ராமக்காளையும் சோணைமுத்துவின் மனைவியையும் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். மதினி காபி கொடுத்தார்கள். வந்த காரியத்தைச் சொன்னதும் எழுந்து உள்ளே போனார்கள். விரட்டப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பாண்டியைத் தூக்கிவந்து தானே மடியில் போட்டுக்கொண்டு, ராமக்காளின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார்கள்.

“இங்கதான். நல்லா அமுக்கிப் பாருங்க, அவனுக்கு வலிக்காது.”

ராமக்காள் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுக்கவே இல்லை. “அம்புட்டுப் பேருக்கும் வேணாம்னுட்டு, அவரு பிள்ளைக்கு மட்டும் போட்டாராக்கும்? உங்க அம்மாதான் கூட்டிட்டுப் போனாகளாமே” என்றாள்.

“எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. செவ்வந்தி காரியம் முடிஞ்ச மறுநாளே இவருதான் வண்டியில கூட்டிட்டுப் போனாரு. பிள்ளை காலைப் பிடிச்சதும் இவருதான்.”

காரியத்துக்கு மறுநாள். என் மகளைப் பார்த்து நீ பாடம் படித்திருக்கிறாய். அந்தப் பாடத்தை உன் மகனுக்கு மட்டும் வைத்துக்கொண்டாய். அடுத்த வாரமே உன் சேனலில் புது வீடியோ வந்தது. அதை நான் பார்த்தேன், அண்ணே. அழுதுகொண்டே பார்த்தேன், நீ சொல்வதில் ஏதாவது ஆறுதல் இருக்குமா என்று.

நேற்று புதன்கிழமை இருவரும் பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்கள். ராமக்காள் சும்மா இருக்கிறவள் இல்லை. சந்தையில், பஸ்ஸில், உசிலம்பட்டியில் தன் அக்கா தங்கைகளிடம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். திங்கட்கிழமை பொடி வாங்கியவர்களைத் திரட்டிக்கொண்டு காளவாசலுக்கு வருகிறாள். நான் வைத்திருந்த பாக்கெட்டையும் மருந்துகளைச் சோதிக்கும் அரசு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். உள்ளே என்ன, எவ்வளவு என்று அவர்கள் உன்னைக் கேட்பார்கள். ஊசியைப் பற்றி நீ ஊரைக் கேட்கச் சொன்ன அதே கேள்வி. பதில் சொல்லிப் பழகு.

கடை போகும். பேரும் போகும். போகட்டும்.

பாண்டிக்கு ஒன்றரை வயதுக்கு மேல் அடுத்த ஊசி இருக்கிறது. ஊருக்கு வெட்கப்பட்டோ என்மேல் இருக்கும் ஆத்திரத்திலோ அதை விட்டுவிடாதே. மதினி அவனை இங்கே கொண்டு வரட்டும். காலைப் பிடித்துக்கொள்ள அத்தை இருக்கிறேன்.

நீ வர வேண்டாம்.

செவ்வந்தியின் அம்மா