பெருநாளுக்கு வைத்த ஆப்பிள்

அலோன், யாங்கோன்

கண்ணான மகள் சாயிமாவுக்கு உம்மா சைதா ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் வாப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், ஜப்பான் பனிக்குள் நீயும் சுகமாக இருக்க ரப்பிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். போனில் பேசினால் அழுகை முந்திவிடுகிறது, அதனால் எழுதிப் பக்கத்து வீட்டு நாஜியாவிடம் கொடுக்கிறேன், லைன் கிடைக்கும்போது படம்பிடித்து அனுப்புவாள்.

நீ வேலை பார்க்கும் தோட்டத்தில் கேட்டுச் சொன்னபடியே வாப்பா செய்தார். காலா ஆப்பிள் சீக்கிரம் மாவாகிவிடும், அதை முதலில் விற்றுவிடுங்கள், ஃபியூஜிதான் குளிர்காலம் முழுக்கத் தாங்கும், இரண்டையும் ஒரே அறையில் வைத்தால் ஒன்று மற்றதைப் பழுக்க வைத்துவிடும் என்றாயே, அதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் மகள் சொன்னாள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சண்டையில் சீன எல்லை ரோடு எப்போது மூடும் என்று தெரியாததால் வந்த ஃபியூஜியை எல்லாம் நோன்புக்கும் பெருநாளுக்குமென்று ஆற்றோரக் குளிர்கிடங்கில் அடுக்கினார். நோன்பு பிறக்கும்வரை நன்றாகத்தான் இருந்தது. பிறகு கரண்ட் வருவதே அபூர்வமாகிவிட்டது, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை என்று கிடங்குக்காரர் கையை விரித்துவிட்டார். ஐஸ் கட்டியாவது வைப்போம் என்று உன் தம்பி ஆசிக், நம் தெருச் சின்னத்தம்பி அண்ணனின் சைக்கா ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனான். வழியில் சிப்பாய்கள் நிறுத்தி, அடையாள அட்டையைப் பார்த்து, வயதைக் கேட்டு, பட்டாளத்துக்கென்று அங்கேயே லாரியில் ஏற்றிவிட்டார்கள். சின்னத்தம்பி அண்ணன்தான் ஐஸோடு திரும்பி வந்து, "கையப் புடிச்சுக் கேட்டேம்மா, விடல. நீ கெழவன், போன்னுட்டாங்க" என்று சொல்லி நின்றார். ஐஸ் தண்ணீர் வாசலெல்லாம் ஓடியது.

வார்டு ஆபீஸுக்குப் போனோம். பயிற்சிக்கு அனுப்பியாகிவிட்டது, எங்கே என்று எனக்கே தெரியாது என்றார் அங்கிருந்தவர். பிள்ளைக்கு மூச்சிழுப்பு இருக்கிறது, இந்த மருந்தையாவது சேர்த்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். வாங்கவில்லை. இன்னும் என் கைப்பையில்தான் கிடக்கிறது. வாப்பா கடையில் உட்கார்ந்து ஃபியூஜியை வெட்டி நோன்பு திறக்க வருகிறவர்களுக்குச் சும்மா கொடுக்கிறார், தான் ஒரு துண்டு வாயில் வைப்பதில்லை. அது கெடவும் இல்லை மகளே, கெட்டுப் போயிருந்தால்கூடக் கொட்டிவிட்டு வந்திருக்கலாம். "இதுக்காகவா புள்ளைய அனுப்பினேன்" என்று கேட்கிறார். நீ சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, அதை நினைத்து நீ மனதைப் போட்டு உருட்டாதே.

வெள்ளிக்கிழமை யாருடைய போனிலோ ஆசிக் பேசினான். சாப்பிட்டேன் என்றான், அழாதீங்க உம்மா என்றான், லாத்தாவ வர வேணாம்னு சொல்லுங்க என்று உன்னைத்தான் சொன்னான், அதற்குள் அறுந்துவிட்டது.

பெருநாளுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன் என்று அனுப்பியிருந்தாய். அதை ரத்து செய்துவிடு. உன் வயதுப் பெண்களின் பெயர்களையும் தெருத் தெருவாக எழுதிக்கொண்டு போகிறார்கள். உன்னைப் பார்த்து மூன்று பெருநாள் ஆகிறது, ஆனாலும் வராதே. நீ வந்து கதவைத் தட்டினால் திறக்க எனக்குத் தைரியம் இல்லை.

விடியுமுன் ஸஹருக்கு வெறும் தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குப் போகாதே, சூடாக ஏதாவது சாப்பிடு. அல்லாஹ் உன்னை அங்கேயே வைத்துக் காப்பாற்றட்டும். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை மட்டும் அனுப்பு.

துஆவுடன்,
உன் உம்மா
சைதா இப்ராஹிம்