பின்சீட்டில் யாரும் இல்லையாம்

நவம்பர் 12
வேனுக்கு அடியில், பனிமேல், மறுபடியும் பச்சைக் கறை. குனிந்து மோந்து பார்த்தேன். தித்திப்பு வாடை. கூலன்ட்தான், இன்ஜின் சூட்டை ஹீட்டருக்குக் கொண்டுபோகிற தண்ணீர். பின் ஹீட்டருக்குப் போகிற குழாய்களை பனி உருக மினசோட்டா சாலையில் கொட்டுகிற உப்பு தின்றுவிட்டது. ஆர்வோவுக்குப் போன் செய்தேன். என் கணவர் ரெயினோவின் தம்பி, பட்டறைக்காரன். ஊரில் பாதி வண்டி அவன் கைபட்டதுதான்.

நவம்பர் 15
"ஒழுகல் நின்னுடுச்சு அண்ணி. இனி ஒரு சொட்டு விழாது" என்றான் ஆர்வோ. காசு வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். ஏலக்காய் ரொட்டி கொடுத்தனுப்பினேன். தங்கமான பிள்ளை.

நவம்பர் 30
டுலூத் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். கொல்லுகிற குளிர். முன்னால் எனக்கு வெக்கையாக இருந்தது, கோட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். பின்னால் சக்கர நாற்காலியில் ரெயினோ. "குளிருதா?" என்றேன். "இல்ல." அத்தோடு சரி. எங்கள் ஃபின்லாந்து வம்சத்து ஆண்களுக்குக் குளிருகிறது என்று சொல்வதைவிட உயிரை விடுவது எளிது.

டிசம்பர் 6
டுலூத்தில் நர்ஸ் ரெயினோவின் காலுறையைக் கழற்றினாள். இரண்டு விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்து, பக்கத்தில் கொப்புளம். காட்டில் மரம் விழுந்து முதுகெலும்பு முறிந்த நாளிலிருந்து அவருக்குக் காலில் உணர்ச்சி கிடையாது. பாதம் உறைந்தாலும் தெரியாது. "வண்டியில ஹீட்டர் இல்லையா?" என்றாள் அவள். ஏன் இல்லை, போன மாதம்தான் சரிபார்த்தோம் என்று திமிராகச் சொன்னேன்!

வெளியே வந்து வேனை ஓடவிட்டு, பின்பக்க ஹீட்டர் துவாரத்தில் கை வைத்தேன். வெறும் குளிர்காற்று. இன்னொரு முறை இப்படி ஆனால் விரல்களை எடுக்க வேண்டிவரும் என்கிறார் டாக்டர்.

"கையாவது விறைச்சிருக்குமே, ஏன் வாயைத் திறக்கல?" என்று கத்தினேன்.

"டிசம்பர்னா குளிரத்தானே செய்யும்" என்கிறார் இந்த மனுஷன்!

டிசம்பர் 7
விடிந்ததும் பட்டறையில் போய் நின்றேன்.

"குழாயை மாத்தினியா, இல்லையா?"

"மாத்தல அண்ணி. இன்ஜின் பக்கத்துலயே வெட்டி, ரெண்டு முனையையும் ஒரு ஹோஸால இணைச்சு விட்டுட்டேன். சுடுதண்ணி அப்படியே இன்ஜினுக்குத் திரும்பிடும், பின்னால போகாது. இங்க எல்லா வண்டிக்கும் இதேதான். பின்சீட்ல யாரு உட்காரப் போறாங்க?"

"உங்க அண்ணன்."

நாற்காலிக்காக அந்த வண்டியில் சரிவுப்பலகை பொருத்தியதே இவன்தான். அதே வண்டிக்கு அடியில் படுத்துத்தான் குழாயை வெட்டியிருக்கிறான். கை தன் பாட்டுக்கு வேலை செய்திருக்கிறது, தலை எங்கே போயிற்று?

டிசம்பர் 8
சனிக்கிழமை. எங்கள் ஆவிக்குளியல் அறையான சவுனாவின் அடுப்பை மூட்டவில்லை. கல்யாணமான நாளிலிருந்து மூட்டாத சனிக்கிழமை இல்லை. வாராவாரம் ஆர்வோதான் வந்து அண்ணனைத் தூக்கிக்கொண்டு போய் ஆவியில் உட்கார வைப்பான். சவுனாவுக்குள் சண்டை கூடாது என்பது எங்கள் வழக்கம். எனக்குச் சண்டை பாக்கி இருந்தது.

"விட்டுடு. தெரியாமப் பண்ணிட்டான்" என்றார் ரெயினோ.

தெரியாமலா? கேட்காமல்! நானும்தான் — ஒரு முறை பின்னால் கை வைத்துப் பார்த்திருந்தால்? அதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

டிசம்பர் 11
ஆர்வோ வந்து வேனை எடுத்துப்போனான்.

டிசம்பர் 14
வேன் திரும்பி வந்தது. பின்சக்கரம் தாண்டி ஹீட்டர் வரைக்கும் புது ரப்பர் ஹோஸ், துருப்பிடிக்க அதில் இரும்பே இல்லை. துவாரத்தில் நானே கை வைத்துப் பார்த்தேன். சுட்டது. சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

டிசம்பர் 21
டுலூத். ஆர்வோ தானும் வருவதாகச் சொன்னான். முன்சீட் காலியாகத்தான் இருந்தது. அவன் பின்னால் ஏறி, அண்ணன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான். கண்ணாடியில் பார்த்தேன். கையுறையைக் கழற்றிவிட்டு, வழி முழுக்க வெறும் கையை அண்ணன் பாதத்தின்மேல் வைத்திருந்தான்.

பாதி வழியில் ரெயினோ, "வேர்க்குதுடா, கொஞ்சம் குறைங்க" என்றார். நாங்கள் இரண்டு பேரும் குறைக்கவில்லை.

விரல்கள் தப்பிவிட்டன.

நாளை சனிக்கிழமை. சவுனாவுக்கு விறகு எடுத்து வைத்துவிட்டேன்.