மட்டக்களப்பு பஸ் நம் வாசலால்தான் போகிறது

ஜனவரி 29

நாத்தனார் இராஜேஸ்வரி பித்தப்பைக் கல்லோடு ஆஸ்பத்திரியில். நானும் மகள் நிரோஷியும் பார்க்கப் போனோம். கல்லின் வரலாற்றை நாத்தனார் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கட்டிலுக்கு டொக்டர் பொடியன் வந்தான். கட்டிலில் மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்து ராக்கம்மா. அவனுக்குத் தமிழ் வராது, அவளுக்குச் சிங்களம் வராது. நடுவில் நான் இருக்கிறேனே, சும்மா இருப்பேனா?

ராக்கம்மா சொன்னாள்: "படுத்தா மூச்சு முட்டுதுங்க, எந்திரிச்சு ஒக்காந்தாத்தான் விடுது. காலு செருப்புக்குள்ள போவ மாட்டேங்குது. வயிறு வேற பொருமிக்கிட்டு..." இன்னும் நிறையச் சொன்னாள். நான் டொக்டரிடம் சிங்களத்தில் சுருக்கமாக, "மூச்சிரைப்பாம்," என்றேன். அவன் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தான். எனக்கோ நானே பாதி டொக்டர் என்ற நினைப்பு.

நிரோஷி குறுக்கே புகுந்து, நான் விட்டதில் தனக்கு விளங்கியதையெல்லாம் சொன்னாள். அவன் திரும்பி வந்து ராக்கம்மாவின் காலை அழுத்திப் பார்த்தான். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. முகம் மாறியவன் உடனே நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னான்.

பஸ்ஸில் திரும்பி, எங்கள் குண்டசாலையில் இறங்கும்போது மகள், "பொருமல்னா என்னாம்மா?" என்று கேட்டாள்.

வயிறு உப்பிக்கொள்வது என்றேன்.

"ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பிறகு ஏன் சொல்லல?"

ஊர்க்கதைக்குக் கையும் காலும் வைத்து அனுப்புகிற நான், அந்தக் கிழவியின் காலை மட்டும் எப்படி விட்டேன்?

பெப்ரவரி 4

சுதந்திர தின விடுமுறை. மாநகர சபைக்குப் போகவில்லை. ஆகவே கண்டியில் யார் வீட்டில் என்ன நடக்கிறதென்று இன்று எனக்கு ஒன்றும் தெரியாது. வரிப் பகுதிக் கிளாக்கருக்கு இது பெரிய நஷ்டம்.

மேசையில் பல்கலைக்கழக விண்ணப்பம். நிரோஷியின் புள்ளிக்கு வைத்தியம் கிடைக்கும் என்கிறார்கள். எந்த மருத்துவ பீடம் முதலாவது, எது இரண்டாவது என்று வரிசையாகப் போடவேண்டுமாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பேராதனை. காலையில் என் கையால் இடியப்பம், பின்னேரம் என் கையால் தேத்தண்ணி, நடுவில் அவள் டொக்டருக்குப் படித்துக்கொள்ளலாம். வெள்ளைக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு அவள் பஸ்ஸால் இறங்கி வருவதை இந்தத் தெரு முழுக்கப் பார்க்கவும் வேண்டும்.

"முதலாவது மட்டக்களப்பு போடப் போறேம்மா."

அகப்பை சம்பலுக்குள் விழுந்தது.

பெப்ரவரி 5

மட்டக்களப்பு! அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்? போய்வர ஒரு சாவு வீடுகூடக் கிடையாதே.

பெப்ரவரி 7

இன்று உட்கார வைத்துக் கேட்டேன். அழாமல் சொல்கிறாள், அதுதான் பயம்.

"பேராதனை நல்ல எடந்தாம்மா. யாரு இல்லேங்கிறா? ஆனா வார்டுல நோயாளிகிட்ட கேட்டுக் கேட்டுத்தானே வைத்தியம் படிக்கணும். அதை நான் தமிழ்ல படிக்கணும், மட்டக்களப்புல வார்டெல்லாம் தமிழ்தானே. சிங்களம் எனக்கு எப்பிடியும் வரும், இங்கேயே வளந்தவ. ராக்கம்மா சொன்னதுல பாதி எனக்கே வெளங்கலையே."

"மட்டக்களப்புத் தமிழ் வேற, மடுல்கெல்லத் தமிழ் வேறடி."

"மூச்சு முட்டுறது ரெண்டு எடத்துலயும் ஒண்ணுதானே?"

வாய் என் வாய்தான். யாரைக் குறை சொல்ல?

புள்ளி போட்டுப் பார்த்தேன். பேர் பேராதனைக்கு. பாஷை மட்டக்களப்புக்கு. இடியப்பம் பேராதனைக்கு. — எப்படிப் போட்டாலும் நான்தான் ஜெயிக்கிறேன். பிறகு ஏன் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்?

பெப்ரவரி 9

நாத்தனார் படுக்கையில் கிடந்தபடியே வழக்கு விசாரித்தார். "பேராதனைய கையில வச்சுக்கிட்டு எவளாவது மட்டக்களப்புக்குப் போவாளா? அண்ணி, ஒங்க புத்தி எங்க போச்சு? நாளைக்கு மாப்பிள வீட்டுல கேட்டா என்னா சொல்லுவீங்க?"

"மட்டக்களப்புன்னே சொல்லுவோம் அத்தை," என்றாள் நிரோஷி.

வீட்டுக்கு வந்து இவரைப் பிடித்தேன். டயர்க் கடையில் காற்றடித்து அடித்து, தனக்கென்று மூச்சு மிச்சம் வைக்காத மனிதர். அவர் பங்குப் பேச்சையும் நானே பேசிவிடுவதால் எங்கள் வீட்டில் சண்டை குறைவு. "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!" என்றேன்.

"மட்டக்களப்பு பஸ் நம்ம வாசலாலதானே போவுது," என்றார்.

சொன்னாரய்யா ஒரு வார்த்தை! வாசலால் போகிற பஸ் அந்த மலைப் பாதையின் பதினெட்டு வளைவையும் சுற்றி, மஹியங்கனையைத் தாண்டி, எங்கேயோ அல்லவா போகிறது!

பெப்ரவரி 10

பல் விளக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். போனது. பெயர்ப்பலகையில் மூன்று பாஷையிலும் மட்டக்களப்பு. இத்தனை வருஷம் இந்த பஸ் எந்த வழியால் போனது?

பெப்ரவரி 14

நாத்தனாரை வீட்டுக்கு விட்டார்கள். கல் அவர் பையில், ஒரு போத்தலில், வருகிறவர்களுக்குக் காட்டவேண்டுமாம்.

வீட்டுக்கு விடுகிற துண்டுச் சீட்டு வரும்வரை ராக்கம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். கால் வீக்கம் வற்றியிருக்கிறது.

"அந்தப் புள்ள வரலீங்களா? அதுதான் கடைசி வரைக்கும் கேட்டுச்சு," என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒங்களுக்கு எந்தத் தோட்டம்?"

மாநகர சபையில் எல்லோருக்கும் நான் கண்டி டவுன்காரி. அதையே சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"மடுல்கெல்லதான். மேக்கணக்கு லயம். சின்னமுத்து மக."

"அட, நம்ம சின்னமுத்து மகளா! அன்னைக்கே சொல்லியிருக்கக்கூடாதா தாயி?"

பிறகு பேசினோம் பாருங்கள்! யார் யாரோடு ஓடினது, யார் திரும்பி வந்தது — நாத்தனார் பையோடு வந்து கூப்பிட்டும் எழும்ப மனமில்லை. அவளுக்கும் இவ்வளவு பேச்சு இருந்திருக்கிறது. அதைத்தான் அன்று ஒரு சொல்லில் முடித்தேன்.

பெப்ரவரி 20

"போடு," என்றேன்.

"எதைம்மா?"

"ஒங்கப்பா பஸ்ஸ."

இவர் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார். சிரிப்பாரா? இருமலாகவும் இருக்கலாம்.

பெப்ரவரி 21

தபாலில் சேர்த்தாயிற்று. மட்டக்களப்பு முதலாவது, பேராதனை இரண்டாவது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன், எதற்கென்று சொல்லாமல். அவரே யோசித்து முடிவெடுக்கட்டும்.

செப்டம்பர் 30

மட்டக்களப்பு.

பிள்ளையார் யார் பக்கம் என்று தெரிந்துவிட்டது. ஆபீஸில் கேக் கொடுத்தேன். கழிவறையில் போய் அழுதேன். வந்து இன்னொரு துண்டு சாப்பிட்டேன்.

மார்ச் 17

நிரோஷி போய் ஒரு மாதத்துக்கு மேல். அந்த பஸ் கண்டக்டர் இப்போது என்னைக் கண்டால் தானே கையை நீட்டுகிறான், பார்சலுக்கு. இடியப்பம் பதினெட்டு வளைவையும் தாங்குவதில்லை, புட்டு தாங்குகிறது.

இன்று நாத்தனாரைக் கிளினிக்குக் கூட்டிப் போனேன். முன்னால் ஒரு தோட்டத்துப் பெண், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. டொக்டர் வேறு ஆள், கஷ்டம் அதே கஷ்டம். நடுவில் போய் நின்றேன். அவள் சொல்லச் சொல்ல நான் சிங்களத்தில் சொன்னேன், எதையும் விடவில்லை. எதையும் சேர்க்கவுமில்லை. அதுதான் எனக்குச் சிரமம், வேர்த்துவிட்டது. டொக்டர் பேனாவைத் தட்டினான். தட்டட்டும் என்று கடைசிவரை சொன்னேன்.

முடிந்ததும், "நீங்க இங்க வேலை செய்றீங்களா, மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"இல்ல, என்னோட மகள்..." என்று ஆரம்பித்தேன். எப்பேர்ப்பட்ட சந்தர்ப்பம்!

பின்னால் நோயாளி வரிசை காத்து நின்றது.

"இல்லை," என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.