திட்டு வாங்கக் கொடுத்து வைத்தவள்

நான் பேசுவது எனக்கே கேட்காது என்று சதா குறைப்பட்டுக்கொண்ட என் அம்மாவுக்கு,

இப்போது செவ்வாய்க்கிழமை மாலைகளில், ஆக்லாந்தின் ஹென்டர்சன் பகுதியில், இந்த நாட்டுப் பூர்வகுடிகளின் மாவோரி மொழி படிக்கிறேன். "டிகிரி வாங்கியாச்சு, இன்னும் என்னா படிப்பு?" என்று கேட்டிருப்பாய். குடும்பத்தில் முதல் பட்டதாரி என் மகள்தான் என்று, விரி வட்டாரத்துக் கிடங்கில் உன்னோடு பெட்டி கட்டிய எல்லாரிடமும் சொன்னவளும் நீதான். நீ போன பிறகு மாலையில் வீட்டில் இருக்க முடியவில்லை. அதனால் சேர்ந்தேன்.

அங்கே யாரும் பெயரை முதலில் சொல்வதில்லை. எழுந்து நின்று தன் மலை, தன் ஆறு, தன் முன்னோர் என்று சொல்லி, கடைசியில்தான் பெயர். முதல் நாள், ரயிலில் போகும்போது தெரியும் மலையை என் மலை என்று சொல்லிவிட்டேன். குடியேறி வந்தவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பாம். "அது இந்த மண்ணுக்காரங்களோட மலை. அது பக்கத்துல குடியிருக்கேன்னு சொல்லலாம்," என்றார் ஆசிரியை, கனிவாகத்தான். "உங்களோடது எது?"

தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

பேராக் மாநிலத்தில் நீ பிறந்த எஸ்டேட்டில் இப்போது பேரங்காடி நிற்கிறது. அதற்கு முன்னால் நாம் எந்த ஊர்? கேட்டபோதெல்லாம் "அதெல்லாம் யாருக்குத் தெரியும், போய்ச் சாப்பிடு" என்றாயே. உனக்கே தெரியாதா, இல்லை சொல்லப் பிடிக்கவில்லையா?

எனக்கு அடுத்து டானா எழுந்தாள். அமெரிக்கப் பழங்குடிகளில் அனிஷினாபே இனத்தவள். ஊரில், அவள் இனத்தாரே நடத்தும் கல்லூரியில் தங்கள் மொழியைப் படிக்கிறாள். மாவோரிகள் எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று பார்க்க ஒரு பருவத்துக்கு மட்டும் ஆக்லாந்து வந்திருக்கிறாள். தன் ஏரி, தன் குலம் எல்லாவற்றையும் தன் மொழியிலேயே சொன்னாள். பேசி முடித்தவருக்காக எழுந்து பாடுவது இங்கே வழக்கம். வகுப்பே அவளுக்காகப் பாடியது. எனக்கு வயிறெரிந்தது. ஏரி, குலம், போதாததற்குக் கல்லூரி வேறு. ஒருத்திக்கு இவ்வளவா?

போன வாரம் இடைவேளையில் தேநீரைக் கொட்டிவிட்டேன். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று என் வாயிலிருந்து உன் குரல் வந்தது.

"யார திட்டுற?" என்று டானா ஆங்கிலத்தில் கேட்டாள்.

"என்னையேதான். எங்கம்மா இப்படித்தான் திட்டுவாங்க."

"உங்க மொழியிலயா?"

"வேற எதுல திட்டுவாங்க?"

அவள் சிரிக்கவில்லை. அவளுடைய பாட்டியைப் பள்ளிக்கூடத்தில் அடித்தே தங்கள் மொழியை விட வைத்தார்களாம். அம்மாவுக்கு ஒரு சொல்லும் வராதாம்.

"நான் காலேஜ்ல நன்றி சொல்லக் கத்துக்கிட்டேன். பனியப் பத்திப் பேசக் கத்துக்கிட்டேன். அதுல என்ன யாரும் திட்டினதே இல்ல. உன்னப் பாத்தா பொறாமையா இருக்கு. என்ன ஒரு தடவ திட்டேன்."

"கிளாஸ் ஆரம்பிச்சிருச்சு," என்று நகர்ந்துவிட்டேன்.

அவளுக்காக வருந்தியிருக்க வேண்டும். எனக்கோ சந்தோஷமாக இருந்தது. நம் வீடு இருக்கும் மாசி பகுதிக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தச் சந்தோஷம் கரைந்துபோனது. இனி என்னைத் திட்ட யார் இருக்கிறார்கள்?

கடைசி வகுப்பு மட்டும் வரும் சனிக்கிழமை. எல்லாருடைய குடும்பங்களும் வரும். ஒவ்வொருவரும் நின்று பேச வேண்டும். போவதில்லை என்றுதான் இருந்தேன். போகிறேன், அம்மா. யாருடைய மலையையும் எடுத்துக்கொள்ள மாட்டேன். பேராக்கில் பிறந்து விரியில் உழைத்த முனியம்மாவின் மகள் என்பேன். அதற்கு முன்னால் எந்த ஊர் என்று தெரியாது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

டானாவையும் ஒரு தடவை திட்டிவிடுகிறேன், சத்தியமாக. ஆனால் அந்தத் தேநீர்த் திட்டு மட்டும்தான். என் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே நீ திட்டியதையெல்லாம் அவளுக்கும் தர மாட்டேன், யாருக்கும் தர மாட்டேன்.

நீ திட்டி வளர்த்த ஒரே மகள்,
செல்வி